பூனைக் காதுக்கு மூலிகை எண்ணெய்னு 3,800 ரூபாய் பிடுங்கிட்டாங்க, உஷார்!

கோபத்துல கை நடுங்குது. இன்னொருத்தர் போய் மாட்டக்கூடாதுன்னுதான் எழுதறேன். கடைப் பேரைப் போடல. செல்லப்பிராணிகளைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுற கடை, தீவனமும் விப்பாங்க.

எங்க பூனை மீனு ஓயாம தலைய உதறினா. பிராண்டிப் பிராண்டிக் காதுக்குப் பின்னாடி ரத்தம். உள்ள காப்பித்தூள் மாதிரி கறுப்பா அழுக்கு. கடைக்காரர் போன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "சாதாரண பங்கஸ்க்கா. டாக்டர்கிட்ட போனா ஊசி போட்டுப் பயமுறுத்திருவாங்க. எங்க வீட்டுப் பூனைக்கும் இந்த எண்ணெய்தான்"னார். பேசிட்டே மீனுவை மடியில வெச்சுத் தடவிக்குடுத்தார். புது ஆளைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில ஓடுறவ, அவர் மடியில கண்ண மூடிட்டுக் கிடந்தா. அதப் பாத்துத்தான் நம்பினேன். நாலு தடவை சுத்தம் பண்ண, லேபிள் இல்லாத ஒரு பாட்டிலுக்கும் சேத்து 3,800 ரூபாய். மொத்தமும் முன்பணம்.

பட்ஸை ஆழமா விட்டுக் குடைஞ்சாங்க. அரிப்பு கூடிட்டே போச்சு. அப்புறம் எங்க நாய் மணியும் காதைச் சொறிய ஆரம்பிச்சான்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் அந்த அழுக்கைக் கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தார். பங்கஸே இல்ல, காதுப் பூச்சி (ear mite)! ஒட்டிப் படுக்கிற பூனை, நாய் எல்லாத்துக்கும் தொத்துமாம். முட்டை வளந்து பூச்சியாக சுமார் மூணு வாரம், அதனால மேலோட்டமா துடைச்சாப் போகாது. பிடரியில விடுற செலமெக்டின் சொட்டு மருந்து, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல குடுத்தார். பட்ஸ் குடைஞ்சதுல மீனு காதுக்குள்ள புண் வேற.

பணத்தைத் திருப்பிக் கேட்டா "ஓனர் ஊர்ல இல்ல". அடுத்து "எண்ணெய் வேலை செய்ய டைம் ஆகும்க்கா". நேர்ல போனா "பில் இருக்கா?" குடுத்தாத்தானே இருக்கும்! கடைசியில "உங்க நாய்கிட்டருந்து வந்ததுக்கு நாங்க என்ன பண்ணுவோம்"னாங்க. இப்ப என் நம்பரையே பிளாக் பண்ணியாச்சு. 3,800 ரூபாய்! அந்த வாயில்லா ஜீவன் பட்ட வலிக்கு யார் பதில் சொல்றது?

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்ப முடியல. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வியாதி பேர் சொல்றவங்ககிட்ட காதைக் காட்டாதீங்க. செவிப்பறை கிழிஞ்சிருந்தா காதுல விடுற சில சொட்டு மருந்தே ஆபத்து, டாக்டர் பாத்த பிறகுதான் எதையும் விடணும். நாய்க்குன்னு விக்கிற பெர்மெத்ரின் உண்ணி மருந்து பூனை மேல படவே கூடாது, உயிர் போயிரும். வீட்டுல ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வைத்தியம் பாருங்க. பில் தராத கடைக்கு ஒரு ரூபாகூட முன்பணம் குடுக்காதீங்க.