திருவொற்றியூர், எண்ணூர், மணலி: மூன்று பங்குகளில் எது விலை அதிகம்?

திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட், மேற்கே திரும்பினால் மணலியில் சென்னை பெட்ரோலியம். வடசென்னையில் இந்தப் பெயர்களைக் கேட்டதும் ஷிஃப்ட், கம்பெனி பஸ், கேன்டீன்தான் நினைவுக்கு வரும். மூன்றும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் என்பது டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) திறந்த பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. உடனே ஒரு கேள்வியும் வருகிறது. "எம்.ஆர்.எஃப். ஒரு ஷேரே லட்ச ரூபாய்க்கு மேல. அசோக் லேலண்ட் இருநூறுக்குள்ள. கையில பத்தாயிரம்தான் இருக்கு. விலை கம்மியா இருக்கறதையே வாங்கிடலாமா?"

பங்கின் விலையை மட்டும் பார்த்து மலிவு, அதிகம் என்று சொல்லவே முடியாது. பங்குச் சந்தையின் அடிப்படைச் சொற்களில் பாதியை இந்த ஒரு விஷயத்தை வைத்தே கற்றுக்கொள்ளலாம். அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எதையும் வாங்கச் சொல்வதோ விற்கச் சொல்வதோ இங்கே நோக்கமில்லை. எடுத்துக்கொண்ட கணக்கு 2023-24 நிதியாண்டினுடையது, துணை நிறுவனங்களைச் சேர்க்காத தனி நிறுவனக் கணக்கு. விலைகள் 2024 மார்ச் இறுதியில் இருந்ததற்கு அருகில் வரும் முழு எண்கள். அந்த ஆண்டை எடுத்ததற்குக் காரணம், அடுத்த ஆண்டு என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும்.

| | எம்.ஆர்.எஃப். | அசோக் லேலண்ட் | சென்னை பெட்ரோ |
|---|---|---|---|
| ஒரு பங்கின் விலை (ரூ.) | 1,30,000 | 170 | 900 |
| முகமதிப்பு (ரூ.) | 10 | 1 | 10 |
| மொத்தப் பங்குகள் | 42.4 லட்சம் | 293.6 கோடி | 14.9 கோடி |
| சந்தை மதிப்பு (ரூ. கோடி, சுமார்) | 55,100 | 49,900 | 13,400 |
| ஆண்டு லாபம் (ரூ. கோடி, சுமார்) | 2,040 | 2,618 | 2,710 |
| ஒரு பங்குக்கு லாபம் (ரூ., சுமார்) | 4,810 | 8.90 | 182 |
| பி.இ. விகிதம் | 27 | 19 | 5 |
| ஆண்டு டிவிடெண்ட் (ரூ.) | 200 | 4.95 | 55 |

முதல் வரியையும் நான்காவது வரியையும் சேர்த்துப் படியுங்கள். எம்.ஆர்.எஃப். பங்கின் விலை அசோக் லேலண்ட் பங்கைப் போல 760 மடங்குக்கு மேல். ஆனால் இரண்டு நிறுவனங்களையும் அப்போது முழுசாக விலை பேசியிருந்தால் கிட்டத்தட்ட ஒரே தொகை. காசிமேட்டில் ஒரே எடையுள்ள இரண்டு வஞ்சிரத்தை எடுத்து, ஒன்றை நாலு பெரிய துண்டாகவும் மற்றதை நாற்பது மெல்லிய துண்டாகவும் போட்டால், துண்டின் விலையை வைத்து எந்த மீன் மலிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எம்.ஆர்.எஃப். 42.4 லட்சம் துண்டு. அசோக் லேலண்ட் அப்போது 293.6 கோடி துண்டு. விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கினால் வருவதுதான் சந்தை மதிப்பு. நிறுவனம் பெரியதா சிறியதா என்று காட்டுவது அந்த எண்தான்.

முகமதிப்பு என்பது பங்கை வெளியிடும்போது காகிதத்தில் போட்ட எண். அதற்கும் இன்றைய விலைக்கும் தொடர்பில்லை. ஆனால் ஓர் இடத்தில் அது ஆளை ஏமாற்றிவிடும். டிவிடெண்டை, அதாவது லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் தொகையை, சதவீதத்தில் அறிவிக்கும்போது அந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல்தான். அசோக் லேலண்ட் கொடுத்த 4.95 ரூபாய், முகமதிப்பு 1 ரூபாய் என்பதால் "495% டிவிடெண்ட்" என்று செய்தியில் வரும். போட்ட பணம் ஐந்து மடங்கானது என்று நினைத்துவிடக் கூடாது. 170 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்குக் கிடைத்தது 2.9 சதவீதம். எம்.ஆர்.எஃப். 200 ரூபாய் கொடுத்தது கேட்கப் பெரிதாக இருக்கும், 1,30,000 ரூபாயில் அது 0.15 சதவீதம்தான்.

துண்டு போடுவதிலும் இரண்டு வகை

எம்.ஆர்.எஃப். விலை ஏன் இவ்வளவு உயர்ந்து நிற்கிறது? 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. லாபம் வளர வளர விலையும் ஏறியது, பங்கைப் பிரிக்காமலே விட்டுவிட்டார்கள். 2023 ஜூன் 13-ல் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய முதல் இந்தியப் பங்கானது.

அதே திருவொற்றியூரில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு வேறு வழியில் போனது. அதன் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ் 2020 ஆகஸ்டில் 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை 1 ரூபாய் முகமதிப்புள்ள பத்துப் பங்காகப் பிரித்தது. இருபதாயிரத்துக்கு மேல் இருந்த விலை இரண்டாயிரம் சுற்றுக்கு வந்தது. ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் பத்து வந்ததால் யாருக்கும் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. இதற்கு ஸ்ப்ளிட் என்று பெயர்.

போனஸ் இன்னொரு வகை. அசோக் லேலண்ட் 2025 ஜூலையில் 1:1 போனஸ் கொடுத்தது, அதாவது வைத்திருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம். முகமதிப்பு மாறவில்லை. நிறுவனம் முந்தைய லாபத்திலிருந்து சேர்த்து வைத்த காப்பு நிதியில் இருந்த தொகை பங்கு மூலதனத்துக்கு மாறியது, அவ்வளவுதான். ரெக்கார்டு டேட், அதாவது யார் கணக்கில் பங்கு இருக்கிறது என்று நிறுவனம் பார்க்கும் நாள், ஜூலை 16. இப்போது வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில்தான் டீமேட்டுக்கு வருகிறது, அதனால் 15-ந் தேதிக்குள் வாங்கியவருக்கே போனஸ். 16 காலையில் விலை பாதியாகத் திறந்தது.

புதியவர்கள் இடறும் இடம் இதுதான். போனஸ் பங்கு கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகும். அதுவரை செயலியில் பாதி விலை, பழைய எண்ணிக்கை, ஐம்பது சதவீத நஷ்டம் என்று சிவப்பில் காட்டும். பயந்துபோய் விற்றுவிடாதீர்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கு ஸ்ப்ளிட், போனஸ் ஏதாவது உண்டா என்று என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ. பங்குச் சந்தையின் தளத்தில் கார்ப்பரேட் ஆக்‌ஷன் பகுதியில் பாருங்கள். வரிக்கணக்கிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்ப்ளிட்டில் பழைய வாங்கிய தேதியே தொடரும், வாங்கிய விலை பங்குகளுக்குப் பிரியும். போனஸ் பங்குக்கு வாங்கிய விலை பூஜ்யம், கொடுக்கப்பட்ட நாளிலிருந்துதான் நாள் கணக்கு ஆரம்பம்.

பி.இ. 5 என்றால் மலிவா?

ஒரு பங்குக்கு லாபம் என்பது ஆண்டு லாபத்தை மொத்தப் பங்குகளால் வகுத்தது. பி.இ. என்பது விலையை அந்த லாபத்தால் வகுத்தது. ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்கு நீங்கள் எத்தனை ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று அது சொல்லும். இப்படிப் பார்த்தால் எம்.ஆர்.எஃப். 27 ரூபாய், அசோக் லேலண்ட் 19 ரூபாய், சென்னை பெட்ரோ வெறும் 5 ரூபாய். போதாததற்கு டிவிடெண்டும் 6 சதவீதம், வங்கி வட்டிக்குப் பக்கத்தில். இந்த மூன்றில் மலிவானதும் வருமானம் அதிகமானதும் மணலிப் பங்குதான் என்று அட்டவணை சொல்கிறது.

அடுத்த ஆண்டைப் பாருங்கள். 2024-25-ல் சென்னை பெட்ரோவின் லாபம் 200 கோடிக்கும் கீழே போனது. டிவிடெண்ட் 55-லிருந்து 5 ரூபாயானது. 900 ரூபாய் கொடுத்து "ஆறு சதவீதம் வருகிறது" என்று நம்பி வாங்கியவருக்கு அடுத்த ஆண்டு டிவிடெண்ட் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்.

இதில் மோசடி எதுவும் இல்லை, சுத்திகரிப்புத் தொழிலின் இயல்பே இப்படித்தான். கச்சா எண்ணெய் வாங்கும் விலைக்கும் பெட்ரோல், டீசல் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் வருமானம். அந்த இரண்டு விலையும் உலகச் சந்தை போடுவது, மணலியில் யாரும் தீர்மானிப்பதில்லை. தொட்டியில் இருக்கும் எண்ணெயின் விலை விழுந்தால் கையிருப்பிலேயே நஷ்டம். அதனால்தான் 2019-20-ல் 2,000 கோடிக்கு மேல் நஷ்டம், 2022-23-ல் 3,500 கோடி அளவில் லாபம், பிறகு 2,700, பிறகு 200-க்கும் கீழே. இப்படி ஏறி இறங்கும் தொழில்களைச் சுழற்சித் தொழில் என்பார்கள். எண்ணெய், இரும்பு, சர்க்கரை, உரம் எல்லாம் இந்த வகை. இவற்றில் லாபம் உச்சியில் இருக்கும்போதுதான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். அப்போதுதான் ஆபத்தும் அதிகம். இந்த வகைப் பங்குகளில் ஓர் ஆண்டு லாபத்தை வைத்துப் பி.இ. போடாதீர்கள். ஐந்து முதல் ஏழு ஆண்டு லாபத்தின் சராசரியை எடுத்து அதனால் விலையை வகுத்துப் பாருங்கள்.

மற்ற இரண்டும் என்ன ஆயின? பி.இ. குறைவாக இருந்த அசோக் லேலண்டின் லாபம் 3,300 கோடிக்கு ஏறியது. பி.இ. அதிகமாக இருந்த எம்.ஆர்.எஃப். லாபம் 1,800 கோடி சுற்றுக்கு இறங்கியது. 2024-ல் இயற்கை ரப்பர் விலை ஏறியதும் அதற்கு ஒரு காரணம். லாரி விற்பனையும் சுழற்சிக்கு உட்பட்டதுதான், ஆனால் எண்ணெய் அளவுக்கு ஆட்டம் இல்லை. பி.இ. காட்டுவது இன்று சந்தை என்ன எதிர்பார்க்கிறது என்பதை மட்டுமே. எதிர்பார்த்தது நடக்கும் என்று அது உறுதி கொடுப்பதில்லை.

மூன்று ரூபாய்ப் பங்கு

"விலை மூன்று ரூபாய்தான், இதற்கு மேல் எங்கே இறங்கப்போகிறது" என்று வாட்ஸ்அப்பில் வரும் பரிந்துரைகளுக்கு மேலே சொன்னதே பதில். மூன்று ரூபாய்ப் பங்கு ஒன்றரை ரூபாயானாலும் போட்ட பணத்தில் பாதி போய்விட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், விற்க நினைக்கும்போது வாங்க ஆள் இருக்காது. தினமும் லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லையில்) பூட்டிக்கொள்ளும், உங்கள் ஆர்டர் வரிசையிலேயே நிற்கும். 2024 அக்டோபர் 29-ல் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பங்கு 3.53 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 2,36,250 ரூபாயானது என்று காட்டுவார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த நிறுவனத்தின் கையில், ஒரு பங்குக்கு 3.53 ரூபாயைவிடப் பல மடங்கு மதிப்புள்ள ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகள் இருந்தன. சரியான விலை கண்டறிய சிறப்பு ஏலம் நடத்தியபோது அந்த விலை வந்தது. அதற்கு முன்பு 3.53 ரூபாய்க்கு யாரும் விற்கத் தயாராக இல்லை.

வாங்கும்போது

ஆர்டர் போடும்போது மார்க்கெட், லிமிட் என்று இரண்டு இருக்கும். மார்க்கெட் ஆர்டர் என்றால் என்ன விலையானாலும் கொடு என்பது. லிமிட் என்றால் இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்பது. புதியவர்கள் எப்போதும் லிமிட்டே போடலாம், முக்கியமாகக் காலை 9.15-க்குச் சந்தை திறந்த முதல் பத்து நிமிடத்தில். அடுத்து டெலிவரியா, இன்ட்ராடேயா என்று கேட்கும். பங்கைச் சொந்தமாக வைத்திருக்க டெலிவரி. இன்ட்ராடேயில் அன்றே கணக்கை முடித்துவிட வேண்டும், முடிக்காவிட்டால் மாலை 3.30-க்கு முன்பே புரோக்கர் தானாக விற்றுவிடுவார். பங்குகளில் இன்ட்ராடே செய்தவர்களில் 10 பேரில் 7 பேர் 2022-23-ல் பணம் இழந்தார்கள் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் ஆய்வு.

செலவைப் பொறுத்தவரை, டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி), வாங்கும்போது 0.015 சதவீதம் முத்திரை வரி. விற்கும் நாளில் டீமேட்டிலிருந்து பங்கு வெளியேற ஒரு கட்டணம் உண்டு, பல புரோக்கர்களிடம் 15 ரூபாய் சுற்று. இது நிறுவனத்துக்கு ஒரு தடவை, பங்கு எண்ணிக்கைக்கு அல்ல. ஒரே ஒரு அசோக் லேலண்ட் பங்கை 170 ரூபாய்க்கு விற்றால் அதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். ஒவ்வொன்றாக வாங்கினால் பரவாயில்லை, விற்கும்போது சேர்த்து விற்கவும். லாபத்துக்கான வரி ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கே. டிவிடெண்ட் உங்கள் மற்ற வருமானத்தோடு சேரும்.

பத்தாயிரத்தில் எம்.ஆர்.எஃப். வேண்டும் என்றால்

இந்தியச் சந்தையில் கால் பங்கு, அரைப் பங்கு வாங்க முடியாது. ஆனால் நடுத்தர அளவிலான நூற்றைம்பது நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி மிட்கேப் 150 குறியீட்டில் எம்.ஆர்.எஃப்., அசோக் லேலண்ட் இரண்டும் இடம்பெற்றவை. அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 500 ரூபாய் போட்டால்கூட நூற்றைம்பது நிறுவனங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் உங்களுடையது. டயர் ஓர் ஆண்டு சறுக்கினால் லாரி தாங்கும், இரண்டும் சறுக்கினால் மற்றவை இருக்கின்றன. மிட்கேப் என்பதால் சந்தை விழும்போது ஆழமாகவே விழும். ஏழு ஆண்டுக்குள் கல்யாணம், வீட்டு முன்பணம் என்று தேவைப்படும் பணத்தை இதில் போட வேண்டாம்.

இதையே இ.டி.எஃப். (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) ஆகவும் வாங்கலாம், ஆனால் டீமேட் வேண்டும். வியாபாரம் குறைவான இ.டி.எஃப்.களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இடைவெளி பெரிதாக இருக்கும். மாதம் ஆயிரம், இரண்டாயிரம் போடுபவருக்கு இண்டெக்ஸ் ஃபண்டே சுலபம் என்பது எங்கள் கருத்து. ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும்போது டைரக்ட் திட்டம் (இடைத்தரகர் இல்லாதது), குரோத் வகை (லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் ஃபண்டிலேயே விடுவது) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஃபண்டின் ரெகுலர் திட்டத்தில் இடைத்தரகர் கமிஷன் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பணத்திலிருந்தே கழியும். நாமினி பெயரை அன்றே பதிவு செய்துவிடுங்கள்.