கீமோ வேண்டுமா என்று கேட்க மூன்று லட்சம்: ஆன்கோடைப் டிஎக்ஸ் பரிசோதனை, என் அனுபவம்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன பிறகு கீமோ (மருந்து ஏற்றும் சிகிச்சை) தேவையா என்று சொல்லும் இந்தப் பரிசோதனைக்கு முதல் விமர்சனம் எழுதியவர் என் வீட்டுக்காரர்தான். "மூணு லட்சம் குடுத்து, வைத்தியம் வேண்டாம்னு எழுதி வாங்கிட்டு வரப்போறியா?" என்றார். போக்குவரத்துக் கழகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கேள்வியில் தப்பு இல்லை.

நான் கும்பகோணத்தில் 26 வருடமாக இன்சூரன்ஸ் முகவர். வயது 58. போன ஆவணியில் இடது மார்பில் கட்டி தெரிந்து, திருச்சியில் ஆபரேஷன் ஆனது. மார்பை முழுதாக எடுக்கவில்லை; கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தார்கள். 1.8 சென்டிமீட்டர், கிரேடு 2, அதாவது நடுத்தர வேகம். அக்குளில் மூன்று நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்துப் பார்த்ததில் ஒன்றிலும் நோய் இல்லை. ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை; ஹெர்-2 என்ற புரதம் நெகட்டிவ். "எல்லாம் சுத்தமா எடுத்தாச்சும்மா" என்று சர்ஜன் சொன்னபோது கோயிலுக்கு என்ன நேர்ந்துகொண்டோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அடுத்த வாரம் போனால் கீமோ பேச்சு.

எடுத்தாச்சு என்றால் எதற்குக் கீமோ? ஸ்கேனுக்கும் தெரியாத செல் ஒன்றிரண்டு ரத்தத்தோடு போய் எங்காவது உட்கார்ந்திருக்கலாம், அதற்குத்தான் என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். "ஒரு இன்சூரன்ஸ் மாதிரி வச்சுக்கோங்கம்மா" என்று வேறு சொன்னார். யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! சரி, பிரீமியம் எவ்வளவு, எனக்கு எவ்வளவு கவரேஜ் என்று கேட்டேன். பிரீமியம் தெளிவாக வந்தது: 21 நாளைக்கு ஒரு தடவை வீதம் நான்கு தடவை, இரண்டு மருந்து, முடி கொட்டும், வாய்ப்புண் வரலாம், விரல் நுனி மரத்துப்போகலாம், காய்ச்சல் வந்தால் ராத்திரி என்றாலும் ஓடிவர வேண்டும். கவரேஜ் பற்றிக் கேட்டதும் பேனாவை மூடித் திறந்தார். பெரிய டாக்டர் வந்து, "உங்க மாதிரி கேஸுக்கு அதைச் சொல்ல ஒரு டெஸ்ட் இருக்கு, விலைதான் கூட" என்றார். அப்படித்தான் ஆன்கோடைப் என்ற பெயரைக் கேள்விப்பட்டேன்.

இதற்காக மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. ஆபரேஷனில் எடுத்த கட்டியை ஆய்வகத்தில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்பார்கள். அது அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டிக்குப் போகிறது. அங்கே கட்டியில் 21 மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளக்கிறார்கள். 16 நோயைச் சேர்ந்தவை, 5 ஒப்பிட்டுப் பார்க்க. கடைசியில் 0 முதல் 100க்குள் ஒரே ஒரு எண் வரும். எண் ஏற ஏற நோய் திரும்பும் வாய்ப்பும் ஏறும், கீமோவால் கிடைக்கும் பலனும் ஏறும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று. அக்காவுக்கும் இதே நோய் வந்ததால் எனக்கு ரத்தத்தில் பரம்பரை மரபணுப் பரிசோதனையும் எழுதினார்கள். அது நம் பிள்ளைகளுக்கும் கவலையா என்று பார்ப்பது. ஆன்கோடைப் அதைப் பார்க்காது. இந்தக் கட்டியின் குணத்தை மட்டும்தான் சொல்லும்.

அக்கா என்றேனே, மூன்று லட்சத்தை விட அவளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. 2009இல் அவளுக்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆனது. மோர் சாதம்கூட இறங்காமல் கிடந்தவள். நான்தான் பக்கத்தில் இருந்தேன். "நான் போட்டுக்கிட்டேன், இன்னிக்கும் நல்லாத்தானே இருக்கேன்? நீ ஏன்டி பயப்படறே?" என்றாள். அவளுக்கு அக்குளில் ஐந்து நெறிகளில் பரவியிருந்தது. என் கதை வேறு என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையில் அவள் கேட்டதுதான் என்னை ராத்திரி தூங்கவிடாத கேள்வி. நான் கணக்குப் பார்த்து வேண்டாம் என்கிறேனா, அவள் பட்டதைப் பார்த்த பயத்தில் வேண்டாம் என்கிறேனா?

பணம் கட்டிய நாளிலிருந்து ரிப்போர்ட் கைக்கு வர 24 நாள் ஆனது. அதில் 8 நாள் அமெரிக்கா கணக்கு இல்லை. பிளாக் இங்கேயே ஆய்வக அலமாரியை விட்டு வெளியே வர ஆன நாள். மகன் ஓசூரிலிருந்து தினம் போன் போட்டான். கீமோ தேவை என்று வந்தால் ஆபரேஷன் ஆன மூன்று மாதத்துக்குள்ளாவது ஆரம்பித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்ததால் காலண்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. பிளாக் கிளம்பிவிட்டதா என்று நேரில் போய்க் கேளுங்கள். போனில் "அனுப்பிட்டோம்மா" என்பார்கள்.

எனக்கு வந்த எண் 17.

ஐந்து வருடம் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை எடுத்தால், என் போன்ற நூறு பேரில் 9 வருடத்துக்குள் ஏறத்தாழ 5 பேருக்கு வேறு உறுப்பில் நோய் திரும்பலாம். கீமோவும் சேர்த்தால் குறைவது நூற்றுக்கு ஒருவரைவிடவும் குறைவு. இதற்குப் பின்னால் இருக்கும் டெய்லர்எக்ஸ் என்ற ஆய்வை டாக்டர் காட்டினார். 2018இல் வெளிவந்தது, 10,273 பெண்கள் சேர்ந்தது. 11 முதல் 25 வரை எண் வந்தவர்களைக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஹார்மோன் மாத்திரை மட்டும், இன்னொரு பக்கம் கீமோவும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். 9 வருடம் கழித்து வேறு உறுப்புக்குப் பரவாமல் இருந்தவர்கள் மாத்திரைப் பக்கம் 94.5 சதவீதம், கீமோப் பக்கம் 95.0. அரை சதவீதத்துக்கு இவ்வளவு பிரீமியம் கட்டும் பாலிசியை நான் எந்த வாடிக்கையாளருக்கும் விற்றிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த 5 பேரில் நான் இருப்பேனா என்பதை 17 சொல்லாது. கூட்டத்துக்குத்தான் கணக்கு, ஆளுக்குக் கிடையாது. இதை மற்றவர்களுக்கு 26 வருடமாகச் சொல்லி வந்தவள், எனக்கென்று வந்தபோது ஜீரணிக்க இரண்டு நாள் பிடித்தது. அப்புறம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். பயத்தால் போட்ட கையெழுத்து இல்லை என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்த மூன்று லட்சத்துக்கு நான் வாங்கியது இதைத்தான்.

எல்லோரும் வாங்க வேண்டிய சரக்கு அல்ல இது. ஹெர்-2 பாசிட்டிவ், டிரிப்பிள் நெகட்டிவ் (ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ்) என்றால் இது பொருந்தாது. மாதவிலக்கு நிற்காத இளம் பெண்களுக்கு அதே 17க்கும் பேச்சு வேறு. 50 வயதும் அதற்குக் கீழும் என்றால், 16ஓ அதற்கு மேலோ வந்தாலே கீமோவால் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. பணம் கட்டுமுன் பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் புற்றுநோய்ப் பதிவு மையத்தாரும் சேர்ந்து செய்த 'பிரெடிக்ட்' கணிப்பானை இணையத்தில் போட்டுப் பாருங்கள். வயது, கட்டி அளவு, கிரேடு, நெறி எண்ணிக்கை கொடுத்தால் ஓரளவு சொல்லும், இலவசம். அதிலேயே கீமோவால் லாபம் பெரிது என்றோ, லாபமே இல்லை என்றோ பளிச்சென்று தெரிந்தால் இந்தச் செலவு தேவையா என்று டாக்டரிடமே கேட்கலாம். பெங்களூரில் ஆன்கோஸ்டெம் செய்யும் 'கேன்அசிஸ்ட் பிரெஸ்ட்' என்ற பரிசோதனையும் உண்டு; ஐந்து புரதங்களைப் பார்க்கிறது, விலை வெகு குறைவு. கீமோ கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஆன்கோடைப்புக்கு இருக்கிறது என்பதால் நாங்கள் இதற்குப் போனோம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது விலைக்காக. ஒரு சிறு நகரத்துக் குடும்பம் நகையை வைக்காமல் இதைக் கட்ட முடியாது. நாங்களும் இரண்டு வளையலை வைத்தோம். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம் என்பதும் ஒரு குறை. இதில் சேர்க்க முடியாத குறை என் மெடிக்ளெய்ம். "வெளிநோயாளிப் பரிசோதனை, பாலிசியில் வராது" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். ஊருக்கே கிளெய்ம் வாங்கிக் கொடுத்தவள் நான். வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார்.

ரேடியேஷன் 15 நாள் முடிந்தது. இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் லெட்ரசோல் என்ற அந்த ஹார்மோன் மாத்திரை. காலையில் விரல் மூட்டு பிடித்துக்கொள்கிறது, எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை; போனில் மாத்திரை போட்டியா என்று மட்டும் கேட்கிறாள்.

பிளாக்கைத் திரும்பக் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் எப்போதாவது தேவைப்படலாம். என்னுடையது இரண்டு மாதம் கழித்து வந்தது. பீரோவில் பாலிசிப் பத்திரங்கள் இருக்கும் தகரப் பெட்டியில், வளையல் அடகுச் சீட்டோடு வைத்திருக்கிறேன்.