16,440 ரூபாய்க்கு ஒரு குழாய்

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன். சென்னை மேடவாக்கத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் தண்ணீர் ஃபில்டர் மாட்டாமல் திரும்புவதில்லை. போன தடவை போயிருந்தபோது, எழுபத்து நாலு வயது அப்பா இருபது லிட்டர் கேனை முழங்காலில் ஏற்றி, அங்கிருந்து ஸ்டாண்டுக்குத் தூக்கிக் கவிழ்த்ததைப் பார்த்தேன். பாதித் தண்ணீர் தரையில். "கேன் போடற பையன் கேட்லயே வச்சுட்டுப் போயிடறான்மா" என்றார், ஏதோ தன் தப்பு போல.

வீட்டில் வருவது போர் தண்ணீர். குக்கர் அடியில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. அம்மா கோவைக்காரர், சிறுவாணி குடித்து வளர்ந்தவர். இங்கே வந்து முப்பது வருஷம் ஆகியும் போர் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் டிடிஎஸ் என்கிறார்கள். அதை அளக்க நான் ஆன்லைனில் வாங்கிய டிடிஎஸ் பேனாவை நனைத்துப் பார்த்தேன். 1,150. இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஆக எங்கள் தண்ணீர் விஷமில்லை, நல்ல தண்ணீரும் இல்லை.

முதலில் டெமோ காட்ட ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு அப்படியே இங்கும் பெல் அடித்தவர். மேஜைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்: ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், அதாவது மெம்பரேன் என்ற நுண்சவ்வால் உப்பை வடிகட்டிய தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை வைத்து சுவிட்சைப் போட்டார். மூன்று நிமிஷத்தில் எங்கள் டம்ளர் பழுப்பாகி, மேலே சேறு மாதிரி மிதந்தது. அவருடையது பளிங்கு. "இதைத்தான் தினமும் குடிக்கறீங்கம்மா" என்றார். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மெஷின் விலை 22,500.

எனக்குப் பிளஸ் டூ வேதியியல் கொஞ்சம் மிச்சமிருந்தது. அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து, அவருடைய பளிங்குத் தண்ணீரில் போட்டு, மறுபடி சுவிட்சைப் போடச் சொன்னேன். அதுவும் பழுப்பானது. விஷயம் இவ்வளவுதான்: உப்பு இருந்தால் தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஓடினால் கம்பியிலுள்ள இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். அழுக்கு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் மின்சாரம் ஓடாது, அதனால் தெளிவாக நிற்கும். "மேடம் என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பையை மூடினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் டார்கெட் இருக்கும். ஆனால் அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் இந்தப் பழுப்பைப் பார்த்துப் பயந்து பணம் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

அப்புறம் ஆன்லைனில் 13,990 ரூபாய்க்கு ஒன்றை எடுத்தோம். ஆர்ஓ, கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு, எட்டு லிட்டர் தொட்டி. 'இன்ஸ்டலேஷன் இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மெஷின் மறுநாளே வந்துவிட்டது. மாட்ட வேண்டியவர்தான் வரவில்லை. "காலை பத்திலிருந்து மாலை ஆறுக்குள்" என்று தினமும் குறுஞ்செய்தி வரும், நாங்கள் யாரும் வெளியே போகாமல் காத்திருப்போம். பதினோரு நாள் விடுமுறையில் மூன்று நாள் இப்படிப் போனது. ரசீதில் ஏறாத செலவு இது.

நாலாம் நாள் வந்த பையன் வேலையில் கெட்டிக்காரன். வந்ததும் தண்ணீரை அளந்தான், என் பேனாவும் அவன் பேனாவும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின. பிறகுதான் இலவசத்தின் அர்த்தம் புரிந்தது. மெஷினைச் சுவரில் மாட்டுவது மட்டும் இலவசம். போர் தண்ணீரின் மண் மெஷினுக்குள் போகாமலிருக்க, வெளியே ஒரு ப்ரீ ஃபில்டர் வேண்டும். உள்ளே வெள்ளைத் திரி மாதிரி ஒரு கேண்டில், கூட ஃபிட்டிங்ஸ், எல்லாம் சேர்த்து 1,200. இது தேவைதான், இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். சிங்க் குழாயிலிருந்து லைன் பிரிக்கும் வால்வும் டியூபும் 350. பிரஷர் குறைக்கும் வால்வு ஒன்றும் வேண்டும், 650 என்றான். அங்கே நிறுத்தினேன். எங்கள் மாடித் தொட்டி சமையலறைக் குழாயிலிருந்து பதினைந்து அடி உயரத்தில்தான் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம், இங்கே அதில் பாதிகூட இல்லை. பிரஷர் பம்ப் வைத்த வீட்டுக்கும் பத்து மாடி அடுக்ககத்தின் கீழ்த்தளத்துக்கும் வேண்டுமானால் அது தேவைப்படும். சொன்னதும், "சரிக்கா, வேணாம்" என்று உடனே பைக்குள் போட்டுக்கொண்டான். கேட்டால் வேண்டாம், கேட்காவிட்டால் 650.

பிளக் பாயின்ட் சிங்குக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு லைன் இழுக்க 700. டைல்ஸில் ஓட்டை போட்டதில் ஒன்று மூலையில் விரிந்தது. அம்மா அதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மெஷின் மாட்டிய பையனுக்கு நாங்களாகக் கொடுத்தது 200. மொத்தம் 16,440. நான் வழக்கம்போல டாலரில் வகுத்துப் பார்த்து "பரவாயில்லையே" என்றேன். "உனக்குப் பரவாயில்லை" என்றார் அப்பா.

கணக்கில் அப்பாவை ஏமாற்ற முடியாது. கேன் 40 ரூபாய், மாதம் பதினைந்து, வருஷத்துக்கு 7,200. மெஷினுக்கு ஒரு வருஷ வாரன்டி. அதற்குப் பிறகு ஃபில்டர், மெம்பரேன் எல்லாம் அடங்கிய சர்வீஸ் திட்டம் வருஷத்துக்கு 4,600 என்று சொல்லியிருக்கிறார்கள். வெளிக் கேண்டிலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் இன்னொரு 600. ஆக மிச்சம் வருஷத்துக்கு இரண்டாயிரம். சர்வீஸ் செலவில்லாத முதல் வருஷத்தையும் சேர்த்து, போட்ட பணத்தை எடுக்க ஆறு வருஷமாகும், மெஷினே அவ்வளவு நாள் ஓடுமோ என்னவோ. "லாபமே இல்லையேம்மா" என்றார் அப்பா. இல்லைதான். நான் கொடுத்தது அவர் இனிமேல் கேன் தூக்காமலிருப்பதற்கான விலை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? மின்சாரக் கட்டணம் பெரிதாக ஏறாது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

முதல் டம்ளரில் டிடிஎஸ் 38. அப்பா குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்றார். பையன் உள்ளே ஒரு திருகைத் திருப்பி, மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிட்டு 75-க்குக் கொண்டுவந்தான். கலந்த தண்ணீரும் யூவி விளக்கைத் தாண்டித்தான் வருகிறது. பேனா உப்பின் அளவை மட்டுமே சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. டிடிஎஸ் குறைந்தால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

கழிவுத் தண்ணீர் இன்னொரு பாடம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டரை லிட்டர் அளவுக்கு வெளியே போகிறது. டியூபை ஒரு வாளிக்குள் விட்டோம். அம்மா அதைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றப் போனார். அளந்தால் 1,500, பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தானே இருக்கும். தொட்டிச் செடிக்கு வேண்டாம், பாத்ரூமுக்கும் போர்ட்டிகோ கழுவவும் போதும் என்று முடிவானது.

நடுவில் இரண்டு நாள் கோவையில் சித்தி வீடு. சிறுவாணி வரும் பகுதி. குழாயில் பிடித்த தண்ணீரில் பேனா 42 காட்டியது. அதே சமையலறைச் சுவரில் ஒரு ஆர்ஓ மெஷின் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருக்கிறது! டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓ-வைத் தடை செய்யுங்கள் என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அரசுக்குச் சொன்னது. சித்திக்கு விற்றவருக்கு அது தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். காய்ச்சியோ யூவி மட்டும் வைத்தோ குடித்தாலே போதுமே என்றேன். "எல்லார் வீட்லயும் இருக்குதே கண்ணு" என்றார் சித்தி. அம்மா குழாயடியிலேயே நின்று இரண்டு சொம்பு குடித்துவிட்டு வந்தார்.

பேனாவை அப்பாவிடம் விட்டுவிட்டு வந்தேன். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் எண் வருகிறது. குட் மார்னிங் ரோஜாப்பூவுக்குப் பதிலாக, "இன்று 76". போன வாரம் 90, 104 என்று ஏறி, நேற்று 131. கம்பெனிக்கு ஃபோன் போடச் சொன்னேன். போட்டாராம். காலை பத்திலிருந்து மாலை ஆறுக்குள் வருவார்களாம்.