5 கிலோ கோகோபீட் கட்டி: வாங்கலாம், ஆனால் எல்லாச் செடிக்கும் அல்ல

‘மண்ணே தேவையில்லை’ என்று சில கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) உறைகளில் அச்சடித்திருப்பார்கள். அதை நம்பித் தொட்டி முழுக்கக் கோகோபீட்டை நிரப்பி ரோஸ்மேரி வைத்தால், முதல் குளிர்பருவத்தைத் தாண்டுவதே சிரமம். உறைபனி விழாத, வெயிலும் சுட்டெரிக்காத மிதமான தட்பவெப்பத்தில் தொட்டி ஈரம் மெதுவாகத்தான் காயும். கோகோபீட்டோ ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே இருக்கும் பொருள். இரண்டும் சேரும்போது எந்தச் செடியை வைக்கிறோம் என்பதுதான் கணக்கு.

வாங்கும்போது ‘கழுவியது’ அல்லது ‘லோ ஈசி’ (ஈசி என்பது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழுவாத கட்டி விலை குறைவு, உப்பு அதிகம். 5 கிலோ கட்டிக்கு 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஊறி உதிர்ந்ததும் 60 லிட்டருக்கு மேல் வரும். சின்ன வாளியில் ஊறவைத்தால் பொங்கி வெளியே கொட்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தவணையாக ஊற்றினால் நடுவில் கல் போல நிற்கும் பகுதியும் உதிரும்.

ஊறியதைச் சாக்கில் கட்டி மேலிருந்து தண்ணீர் விட்டு அலசுங்கள். முதலில் தேயிலைச் சாயம் போல வடியும். நிறம் வெளுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், சாயம் வேறு, உப்பு வேறு. வடிநீரில் ஈசி மீட்டரை வைத்தால் (mS/cm அலகில்) 1-க்குக் கீழே, நாற்றுக்கென்றால் 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். கோகோபீட்டில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது. லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து இன்னொரு முறை அலசினால், அவை இருந்த இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாத தொட்டிகளில் இலை ஓரம் கருகும், தக்காளிக் காயின் அடி கறுக்கும். பழி உரத்தின் மேல் விழும்.

நாற்றுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது முட்டைக்கோஸ், காலிஃபிளவர், லெட்யூஸ் விதைகளைக் குழித்தட்டில் போட மூன்று பங்கு கோகோபீட், ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் சரியான கலவை. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், நாற்றழுகல் வரும். நான்கைந்து இலை விட்டதும், சுமார் 25 முதல் 30 நாளில், எடுத்து நடலாம். கேரட்டையும் முள்ளங்கியையும் தட்டில் போடாதீர்கள். வேர் கோணிக்கொள்ளும், நேரடியாக மண்ணில்தான் விதைக்க வேண்டும்.

பெரணி, பிகோனியா, ஃபுக்‌ஷியா, ஆந்தூரியம் ஆகியவற்றுக்குத் தொட்டிக் கலவையில் பாதி வரை சேர்க்கலாம். கோகோபீட்டின் லேசான அமிலத்தன்மை அசேலியாவுக்கும் பிடிக்கும்; ஆனால் உப்பு துளியும் ஆகாது என்பதால் அலசாத கட்டி பக்கமே வரக்கூடாது. ரோஜாவுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும், மீதி மண்ணும் மட்கிய தொழு உரமும். லாவெண்டர், ரோஸ்மேரி, ஜெரேனியம், கள்ளி வகைகளுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பருமணலும் சிறு கல்லும்தான் அவற்றுக்குத் தோது.

பெரும்பாலான செடிகள் சாவது தண்ணீர் ஊற்றுவதில்தான். கோகோபீட்டின் மேல்பரப்பு வெளிறிக் காய்ந்தது போலத் தெரியும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். நிறத்தைப் பார்த்து ஊற்றாமல் விரலை விட்டுப் பாருங்கள், அல்லது தொட்டியைத் தூக்கி எடை பாருங்கள். குளிர்பருவத்தில் இந்தத் தவறு தொடர்ந்தால் பூஞ்சைக் கொசு மொய்க்கும், பின்னாலேயே வேரழுகல் வரும்.

வெயில் ஏறும் மாதங்களில் மூடாக்குக்கும் (மண்ணின் மேல் பரப்பும் போர்வை) இதையே போடுகிறார்கள். தூளைவிடத் தேங்காய் மட்டைச் சில்லு மேல். 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். தண்டோடு ஒட்டிக் கிடந்தால் தூர் அழுகும்.

கோகோபீட்டில் சத்து என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, உரம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நாளாக ஆகத் தூள் நொய்ந்து தொட்டி மட்டம் இறங்கும், காற்றோட்டமும் குறையும். அந்தப் பழைய தூளை நாற்றுத்தட்டுக்குத் திருப்பாமல் பாத்தி மண்ணில் கொத்திவிடுங்கள்.