லைஃப் ஜாக்கெட் வாங்குமுன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது உள்பக்கம் தைத்திருக்கும் லேபிள். ஐஎஸ்ஓ 12402 என்ற தர எண்ணோ, அந்தந்த நாட்டு அங்கீகார எண்ணோ இருக்க வேண்டும். எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்பதும், எத்தனை நியூட்டன் மிதப்புவிசை என்பதும் இருக்க வேண்டும். இவை இல்லாதது ஆரஞ்சு நிறச் சட்டை, அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கான ஜாக்கெட்டுகள் 50, 100, 150, 275 நியூட்டன் என நான்கு நிலைகளில் வருகின்றன. பத்து நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் விசை. மனித உடல் பெரும்பாலும் தானே மிதக்கும் என்பதால், தலையை மட்டும் நீருக்கு மேலே நிறுத்த மூன்று முதல் ஐந்து கிலோ உதவி போதும். அப்படியானால் 50 போதுமே, 150 எதற்கு? நினைவிழந்தவர் குப்புறக் கிடந்தால் அவரை மல்லாத்திப் போட்டு வாயைத் தண்ணீருக்கு வெளியே வைப்பதற்குத்தான் அந்தக் கூடுதல் விசை. 50 அதைச் செய்யாது. 100 அமைதியான நீரில் செய்யும். கனத்த உடையோடு விழுந்தால் தடுமாறும். 150 கடல் அலைக்கு. 275 கருவிகளைச் சுமந்து, தடித்த உடையோடு ஆழ்கடலில் வேலை செய்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு அது வீண் சுமை.

முன்பு பெரும்பாலும் படகோட்டிகள் வாங்கிய பொருள் இது. இப்போது ஆற்றங்கரை வீடுகளும் வாங்குகின்றன. காரணம், புவி சூடாகிவருவது: காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அது சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும்போது வெள்ளம் எச்சரிக்கைக்கு முன்னாலேயே வாசலுக்கு வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர்; நால்வரில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. குளிர்நாடுகளில் ஆபத்துக்கு வேறொரு முகமும் உண்டு. பருவத்துக்கு முந்தி வரும் வெயிலில் ஆட்கள் ஏரியில் குதிக்கிறார்கள், தண்ணீரோ இன்னும் பனிக்காலத்துக் குளிரிலேயே இருக்கிறது. 15 டிகிரிக்குக் கீழ் உள்ள நீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது. அந்த முதல் நிமிடத்தில் வாய் நீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவரும் தண்ணீரை இழுத்துவிடுவார். அந்த நேரத்தில் படகின் மூலையில் கிடக்கும் ஜாக்கெட்டை எடுத்து மாட்டுவது நடக்காத காரியம்.

வீட்டுக்கு, பலர் மாற்றி மாற்றிப் போடுவதற்கு, நீச்சல் தெரியாதவருக்கு எங்கள் தேர்வு கழுத்துப்பட்டை உள்ள 100 நியூட்டன் ஃபோம் ஜாக்கெட். பருமனாக இருக்கும், புழுக்கும், அழகும் இல்லை. ஆனால் இயங்க வேண்டிய பாகம் எதுவும் அதில் கிடையாது. 50 நியூட்டன் வெஸ்ட் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டுபவர்களுக்குச் சரி: கை வீச இடம் கொடுக்கும், ஆனால் நீச்சல் தெரிந்து, உதவி பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபோம் வகையில் கெடுவது பெரும்பாலும் உட்கார்ந்ததால்தான். மெத்தையாகப் போட்டு அமர்ந்தால் ஃபோம் நசுங்கி மிதப்பு குறைகிறது. விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய பருமனுக்குத் திரும்பாவிட்டால், உள்ளே பொடிப்பொடியாக உதிர்ந்தால், அதன் காலம் முடிந்தது. வெயிலில் வெளுத்த துணியை இரு கையால் இழுத்தால் கிழிகிறதா என்றும் பாருங்கள்.

காற்று நிரம்பும் வகைதான் கடைக்காரர்கள் அதிகம் புகழ்வது. தோளில் இரண்டு பட்டை போலக் கிடக்கும், தண்ணீரில் விழுந்ததும் சில நொடிகளில் உப்பும். 150 நியூட்டன் ஜாக்கெட்டில் வழக்கமாக 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். அதைத் துளைக்கும் பொறி இரண்டு விதம். ஒன்றில், நீரில் கரையும் சிறு வில்லை ஒரு ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும். வில்லை கரைந்ததும் ஊசி பாயும். விலை குறைவு, ஆனால் அடைமழையிலும், ஈரப் பெட்டிக்குள் கிடந்தும் தானாக வெடித்து உப்பிவிடும். மற்றொன்று சுமார் 10 செ.மீ. ஆழத்து நீரழுத்தத்தில் திறப்பது. மழையில் ஏமாறாது. மழையில் வேலை என்றால் இரண்டாவதையே கேளுங்கள்.

இந்த வகை காலை வாருவது பராமரிப்பில்தான். எஞ்சின் அதிர்வில் சிலிண்டரின் மரை தளர்ந்துவிடும். பல மாடல்களில் எல்லாம் தயார் என்று காட்டும் பச்சை அடையாளம் பொறியைப் பற்றி மட்டுமே சொல்லும், சிலிண்டர் தளர்ந்ததைச் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு முறையும் கையால் இறுக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது சிலிண்டரைக் கழற்றி, நுனியில் துளை இருக்கிறதா என்று பார்த்து, சமையலறைத் தராசில் நிறுக்க வேண்டும். மொத்த எடை அதன் உடலிலேயே பொறித்திருக்கும்; இரண்டு கிராமுக்கு மேல் குறைந்தாலோ, துரு பிடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். காற்றுப்பையை வாய்க்குழாய் வழியாக ஊதி ஒரு நாள் விட்டு வைத்தால் கசிவு தெரியும். காற்றை இறக்கும்போது மெதுவாக அமுக்க வேண்டும், பிழியக் கூடாது. வில்லைக்கும் காலாவதித் தேதி உண்டு. மடிப்பு தயாரிப்பாளர் படத்தில் காட்டியபடியே இருக்க வேண்டும். தாறுமாறாக மடித்தது திறக்காமல் போகலாம்.

இதையெல்லாம் செய்ய ஆள் இல்லாத வீட்டுக்கு இது வேண்டாம். சிறுவர்களுக்கும், நீச்சல் தெரியாதவர்களுக்கும், பாறை நிறைந்த வேக ஆற்றுக்கும் வேண்டவே வேண்டாம். மேல்கோட்டுக்கு உள்ளே அணிந்தால் உப்பும்போது மார்பை நெருக்கும். வாகனத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ தண்ணீர் ஏறி இது தானாக உப்பினால் ஆளைக் கூரையோடு ஒட்டிப் பிடித்துவிடும், கதவு வழியாக முங்கி வெளியேற முடியாது.

எந்த வகையானாலும் போட்டு, எல்லாப் பக்கிள்களையும் மாட்டி, வார்களை இழுத்த பிறகு, வேறொருவர் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது. குழந்தைக்கு வளர்ந்தும் ஆகட்டும் என்று பெரிய அளவு வாங்குவது இந்த ஒரு பொருளில் மட்டும் ஆகாது: தண்ணீரில் அது தலைவழியே கழன்றுவிடும். குழந்தை அளவில் கவட்டு வாரும், பின்கழுத்தில் தூக்கும் பிடியும் இருந்தே ஆக வேண்டும். கையில் மாட்டும் காற்றுப்பைகளும் நீச்சல் வளையங்களும் விளையாட்டுச் சாமான்கள், பாதுகாப்புக் கருவிகள் அல்ல.

ஜாக்கெட் போட்டிருந்தாலும் ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். வேகமாகப் பாயும் 15 செ.மீ. நீரே ஆளைச் சாய்க்கும், 30 செ.மீ. சிறு காரை மிதக்க வைக்கும். வெளியேற்றப் படகில் ஏறும்போதும், மேல்மாடியில் காத்திருக்கும்போதும்தான் ஜாக்கெட்டுக்கு வேலை. அதற்கு அது பரணில் மூட்டைக்கடியில் இருக்கக் கூடாது, கதவுக்கருகே ஆணியில் தொங்க வேண்டும். விசில் அதிலேயே கட்டியிருக்க வேண்டும். உப்புநீர் பட்டால் நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கழித்துக்கட்டும் ஜாக்கெட்டின் வார்களை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். இல்லையென்றால் யாராவது எடுத்துக் குழந்தைக்கு மாட்டுவார்கள்.