ஆறாம் வகுப்பு நுழைவுத்தேர்வுக்கு 14 மாதம் படித்தோம்: இரண்டு வருடம் கழித்து ஒரு பகிர்வு

மகள் இப்போது ஏழாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஐந்தாம் வகுப்பு வரை சேலம் செவ்வாய்பேட்டையில், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். ஆறாம் வகுப்புக்கு ஆங்கில வழி தனியார் பள்ளி என்று முடிவெடுத்து 2022 நவம்பரில் தயார்படுத்த ஆரம்பித்தோம். 2024 ஜனவரி, பிப்ரவரியில் மூன்று தேர்வு எழுதினாள். ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளி, சேலத்தில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி, அப்புறம் சைனிக் பள்ளிகளுக்கான (ராணுவப் பணிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் விடுதிப் பள்ளிகள்) அகில இந்தியத் தேர்வு. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை இப்படித் தயார் செய்கிறவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதல் நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமை கோச்சிங் அனுப்பினோம். மாதம் 2,000 ரூபாய். வாராவாரம் 100 கேள்விக்கு மாதிரித் தேர்வு வைப்பார்கள், அடுத்த வாரம் மேலே மதிப்பெண் மட்டும் போட்டுத் தாளைத் திருப்பித் தருவார்கள். 46, 51, 44, 48 என்று அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கே சறுக்குகிறாள் என்று கேட்டால் "இன்னும் பிராக்டிஸ் வேணும்" என்பதுதான் பதில். மார்ச்சோடு நிறுத்திவிட்டோம். போனில் ஒரு ஆப்புக்கும் ஒரு வருடச் சந்தா கட்டினோம். நான்கு விடையில் ஒன்றைத் தொட்டால் போதும் என்பதால் அவள் கேள்வியை முழுதாகப் படிப்பதையே விட ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில் அதையும் மூடிவிட்டோம்.

உண்மையில் உதவியது 80 பக்க நோட்டு ஒன்று. வீட்டில் அதற்குத் 'தப்பு நோட்டு' என்று பெயர். தப்பான கேள்வியை வெட்டி ஒட்ட வேண்டும். அதன் கீழே ஏன் தப்பானது என்று அவளே இரண்டு வரி தமிழில் எழுத வேண்டும். ஓரத்தில் ஒரு எழுத்து போட வேண்டும். பாடம் தெரியாமல் விட்டிருந்தால் 'தெ', அவசரத்தில் விட்டிருந்தால் 'அ', கேள்வியே புரியவில்லை என்றால் 'பு'. முதல் மாத முடிவில் உட்கார்ந்து எண்ணினோம். மொத்தம் 43 தப்பு. 'தெ' 11, 'அ' 9, 'பு' 23. பாதிக்கு மேல் கேள்வி புரியாததுதான்! நான்கு மாதமாக நாங்கள் வாய்ப்பாட்டையும் வகுத்தலையும் போட்டு அவளைப் படுத்திக்கொண்டிருந்தோம்.

அதில் ஒரு கணக்கு எனக்கு மறக்காது. ரவியிடம் 48 மாம்பழம், கலாவிடம் 29. "ஹவ் மெனி மோர்" என்று கேட்டிருந்தார்கள். இவள் 77 என்று எழுதியிருந்தாள். அதையே நான் தமிழில் கேட்டேன்.

"ரவிகிட்ட கலாவைவிட எத்தனை அதிகம், கண்ணு?"

"பத்தொன்பது" என்றாள், யோசிக்கவே இல்லை.

"அப்புறம் ஏன் கூட்டினே?"

"மோர்னு போட்டிருக்கே அம்மா. மோர் வந்தா கூட்டணும்னு கிளாஸ்ல சொன்னாங்க."

கணக்கு அவளுக்குத் தெரிகிறது. அந்த ஒரு சொல்தான் வழியை மறிக்கிறது. அதுவும் சொல்லைப் பார்த்ததும் கூட்டு, கழி என்று குறுக்குவழி சொல்லிக்கொடுத்ததால் வந்த வினை. அன்றிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கங்களில் இந்த மாதிரிச் சொற்களைச் சேர்த்தோம். ஆல்டுகெதர், ரிமெயினிங், ஈச், அட்லீஸ்ட், ட்வைஸ் அஸ் மெனி. 'லெஃப்ட்' என்றால் அவளுக்கு இடது கை மட்டும்தான், 'மீதி' என்ற பொருள் தெரியவே தெரியாது. 'டிஃபரன்ஸ்' (கழித்தால் வரும் விடை) கேட்ட இடத்தில் "ஒன்று பெரிய எண், ஒன்று சின்ன எண்" என்று எழுதி வைத்திருந்தாள். சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் அர்த்தம் மட்டும் எழுதினால் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு கணக்கு உருவாக்கி என்னைப் போடச் சொன்ன பிறகுதான் நின்றது.

தசமப் புள்ளி வேறு வகைச் சிக்கல். 0.5, 0.05 இரண்டில் பின்னதுதான் பெரியது என்று பிடிவாதமாக இருந்தாள், இலக்கம் அதிகம் இருக்கிறதாம். எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. ஒரு நாள் மாமனார் அவளைத் தராசுக்கு முன்னால் உட்கார வைத்தார். ஒரே ஒரு குட்டி மணியைத் தட்டில் போட்டார், 0.05 கிராம் காட்டியது. இன்னொன்று, 0.10. பத்தாவது மணி விழுந்ததும் 0.50. "இப்போ சொல்லு சாமி, எது பெருசு?" என்றார் தாத்தா. அன்றைக்கு அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை, கையில் கிடைத்த கொக்கி, திருகாணி எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு தசமத்தில் அவள் தப்பு நோட்டுக்கு வேலை வைத்தது மிகக் குறைவு. மளிகைக் கடைத் தராசே போதும், எல்லார் வீட்டிலும் பட்டறை இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, தினமும் 15 நிமிடம் சத்தமாக ஆங்கிலம் வாசிப்பது. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, அவள் வகுப்புக்கு ஒரு படி கீழே உள்ள கதைப் புத்தகங்களாக எடுத்து வந்தோம். கடினமான புத்தகம் கொடுத்தபோது வாசித்தாள், ஆனால் பிடித்து வாசிக்கவில்லை. எளிதாக இருந்தால்தான் அடுத்த பக்கத்தைத் தானே திருப்பினாள்.

சைனிக் தேர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புக்கு 125 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். கணக்கு மட்டும் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், ஆகப் பாதி மதிப்பெண் அங்கேயே இருக்கிறது. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றுக்கும் தலா 25 கேள்வி, 2 மதிப்பெண். தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது. 2021-22 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். நம் மாநிலத்தில் அமராவதிநகர் பள்ளி 1962 முதல் இருக்கிறது. எங்களுக்கு முக்கியமாகப் பட்டது, ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது. அந்தச் சமயத்தில் வீட்டில் ஆங்கிலத்தில் வைத்த மாதிரித் தேர்வில் 50 கணக்கில் 28 சரி. அதையே தமிழில் கொடுத்தபோது 41 சரி. அதே பிள்ளை, அதே கணக்குகள். தேர்ச்சி பெற்றாள், ஆனால் இடம் கிடைக்கும் அளவுக்கு வரிசை வரவில்லை.

ஓ.எம்.ஆர். தாளை (விடைக்கு உரிய வட்டத்தை நிரப்பும் தாள்) தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே பழக்குங்கள். பென்சில் பிள்ளைகளுக்குப் பேனாவில் வட்டத்தை நிரப்புவதே புதிது. மகள் ஒரு மாதிரித் தேர்வில் 37-வது கேள்வியை விட்டுவிட்டு, 38-க்கான விடையை 37-ல் நிரப்பினாள். கடைசி வரை எல்லாம் ஒரு வரிசை தள்ளிப் போயிற்று. அதிலிருந்து பத்துப் பத்துக் கேள்விக்கு ஒரு தடவை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் வந்தது.

ஏற்காட்டுத் தேர்வுக்குக் காலைப் பேருந்தில் போனது எங்கள் தப்பு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பூரி சாப்பிட்டுக் கிளம்பிய பிள்ளை பாதி மலையிலேயே இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். ஜனவரிக் குளிர் வேறு, விரல் விறைத்துப் போய் முதல் கால் மணி நேரம் பேனா பிடிக்க முடியவில்லை என்றாள். மலைப் பள்ளியில் தேர்வு என்றால் முந்தைய நாளே மேலே போய்த் தங்கிவிடுங்கள். முடியாவிட்டால் காலையில் இட்லியோடு நிறுத்தி, முன் இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.

அங்கே எழுத்துத் தேர்வு, பிறகு பெற்றோரோடு நேர்காணல். இடம் இல்லை என்று பத்து நாளில் பதில் வந்தது. காரணம் சொல்லவில்லை, விடைத்தாளையும் காட்டவில்லை. அந்த வாரம் அவள் நோட்டைத் தொடவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 13-வது பிரிவில், சேர்க்கைக்காகப் பிள்ளைகளை வடிகட்டும் தேர்வு கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய், அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பெற்றோர் முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பிப்ரவரியில் சேலம் பள்ளியில் இடம் கிடைத்தது. முதல் பருவம் அறிவியலும் சமூக அறிவியலும் ஆங்கிலத்தில் அவளைத் திணறடித்தன. அப்போதும் அதே நோட்டுதான் கைகொடுத்தது. கோச்சிங் தாள்கள் எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

திரும்பச் செய்வதாக இருந்தால் இரண்டை மாற்றுவேன். சத்தமாக வாசிப்பதை மூன்றாம் வகுப்பிலேயே தொடங்குவேன். 2023 மே மாதத்தில் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க மாட்டேன். என் அம்மா மாம்பழத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் படிப்பு கெட்டுவிடும் என்று விடவில்லை. அந்த ஒரு மாதத்தில் அவள் பெரிதாக எதுவும் படிக்கவும் இல்லை, நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது ஓடுவது நான்காவது நோட்டு. ஒட்டுவதும் எழுதுவதும் அவளேதான், நான் கேட்டால் காட்டுவாள். போன வாரம் இயற்கணிதத்தில் "ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்" என்பதற்கு 5-லிருந்து எக்ஸைக் கழித்து எழுதியிருந்தாள். ஓரத்தில் 'பு' போட்டு, கீழே எழுதியிருந்தாள்: "எக்ஸைவிட 5 குறைவு. தமிழில் சொல்லிப் பார்த்தேன், சரியாக வந்தது."