பொம்மை நீர்மூழ்கி: பேட்டரியை மாற்றலாமா, எடையைச் சரிசெய்யலாமா?

கையடக்க ரிமோட் நீர்மூழ்கி வாங்கியவர்களுக்கு முதலில் வரும் ஆசை, இன்னும் வேகம் வேண்டும் என்பதுதான். சரி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் 3.7 வோல்ட் லித்தியம் செல் இரண்டை வாங்கித் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும், மோட்டார் சீறும். ஆனால் குட்டி மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் சீக்கிரம் தேயும், சர்க்யூட் கருகலாம், உடலைப் பிரித்தால் நீர் புகாத அடைப்பும் போய்விடும். தண்ணீரில் வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் கிட்டத்தட்ட எட்டு மடங்கு திறன் (பவர்) தேவை. திறனை இரட்டிப்பாக்கினாலும் வேகம் கால் பங்குதான் கூடும்.

எடையைச் சரிசெய்யக் காசே வேண்டாம். குறைந்த விலைப் பொம்மைகளில் பெரும்பாலும் நீர் நிரப்பும் தொட்டி இருக்காது, செங்குத்துப் புரொப்பல்லர்தான் கீழே தள்ளுகிறது. மிதப்பு அதிகமானால் அதன் பலமெல்லாம் உடலை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். நான் பக்கெட்டில் மிதக்கவிட்டு, ஈயம் கலக்காத சாலிடர் கம்பியை அரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, அடியில் டேப் போட்டு ஒட்டுவேன். முதுகு நூலளவு மட்டும் வெளியே தெரியும்போது நிறுத்த வேண்டும். மூக்கு தாழ்ந்தால் ஒரு துண்டைப் பின்னால் நகர்த்தினால் போதும். அப்புறம் பாருங்கள், அதே பேட்டரியில் சட்டென்று மூழ்கும், நேராகப் போகும்.

என் ஓட்டு எடைக்குத்தான். ஓட்டிப் பார்க்க மெரினாவுக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள்: உப்புநீரில் ரேடியோ அலை சில அங்குலங்களிலேயே மங்கிவிடும், கடல்நீர் அடர்த்தி அதிகம் என்பதால் பக்கெட்டில் பார்த்த எடையும் பொருந்தாது.